கான்டன் சமையலும் நமது கடைச் சரக்கும்



மளிகை மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளைக் கடந்தவன் நான். குண்டூர் மிளகாயா, ராமநாதபுரம் முண்டு மிளகாயா என்பதை மூட்டை பிரிக்கும்போது வரும் நெடியிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் சென்ற தை மாதம் நம் ராணிப்பேட்டை இளைஞர் ஒருவர் கடைக்கு வந்து நீட்டிய சீட்டைப் படித்தபோது, பாதிச் சரக்கு எனக்கு விளங்கவில்லை. லைட் சோயா, டார்க் சோயா, சிப்பி சாஸ், கறுப்பு மொச்சை விழுது, வறுத்த எள் எண்ணெய் என்று போய்க்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே சீரக சம்பா, ஜவ்வரிசி, இஞ்சி, பூண்டு என்று நம் சரக்கும் இருந்தது.

அவருடைய தகப்பனார் தோல் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர். பையன் சென்னையில் நட்சத்திர ஓட்டல் சீன அடுக்களையில் எட்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, முப்பது பேர் உட்காரும் அளவில் ஒரு உணவகம் போடப் போவதாகச் சொன்னார். "ஐயா, தள்ளுவண்டி நூடுல்ஸ் இல்லை. கான்டன் முறைச் சமையல், அதில் நம்மூர்ப் பொருளைச் சேர்த்துப் புதுமையாகச் செய்யப் போகிறேன்" என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். எல்லாச் சரக்குக்கும் 45 நாள் தவணை வேண்டுமாம்.

இந்த சாஸ் பாட்டில் விவகாரத்தில் நான் ஒருமுறை சூடு பட்டவன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு தரகர் பேச்சைக் கேட்டு, இறக்குமதி சாஸ் வகைகள் நாற்பது பெட்டி வாங்கி அடுக்கினேன். காலாவதிக்கு நான்கு மாதமே இருந்ததைக் கவனிக்கவில்லை. முக்கால்வாசி கிடங்கிலேயே கெட்டது. எனவே தம்பியிடம் "பத்து நாள் கழித்து வா" என்று சொல்லி அனுப்பினேன். என்ன தொழில், எதை நம்பி நடக்கிறது, எங்கே லாபம், எங்கே கழிவு என்று தெரியாமல் கடன் கொடுப்பது ஆழம் தெரியாமல் காலை விடுவது போன்றது. அந்தப் பத்து நாளிலும் அதற்குப் பின்னும் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்லலாம் என்றே எழுதுகிறேன். வாலாஜா, ஆற்காடு, ஆம்பூர் கடைகளுக்கும் இந்தச் சீட்டு வரத்தான் போகிறது.

கான்டன் என்பது எது?

சீனாவின் தென்கோடியில் உள்ள குவாங்டொங் மாகாணத்தையும் அதன் தலைநகரையும் ஐரோப்பிய வணிகர்கள் கான்டன் என்று அழைத்தார்கள். தலைநகருக்கு இன்று குவாங்சோ என்று பெயர். ஹாங்காங் அதன் வாசலில் இருக்கிறது. நம் பகுதிக்கு இந்த ஊர்கள் புதிதல்ல. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஹாங்காங் வழியாகக் குவாங்டொங் செருப்புத் தொழிற்சாலைகளுக்குப் போயிருக்கிறது. ஹாங்காங்கில் மார்ச் மாதம் நடக்கும் தோல் கண்காட்சிக்குப் போகாத பெரிய ஏற்றுமதியாளர் நம் பக்கத்தில் குறைவு. அவர்களெல்லாம் கான்டன் சாப்பாட்டை அதன் சொந்த ஊரிலேயே சாப்பிட்டவர்கள்.

நானும் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறேன். 2011-இல் தோல் வியாபாரியான என் மைத்துனரோடு போனபோது, அவரிடம் சரக்கு வாங்குபவர் எங்களை விருந்துக்கு அழைத்துப் போனார். வாசலிலேயே கண்ணாடித் தொட்டிகளில் மீன் நீந்துகிறது. பரிமாறுபவர் ஒரு களவா மீனை வலையில் அள்ளி, துள்ளத் துள்ள மேசைக்குக் கொண்டுவந்து காட்டிவிட்டு உள்ளே எடுத்துப் போனார். இருபது நிமிடத்தில் அதே மீன் முழுதாக, தலையும் வாலுமாக, ஆவியில் வெந்து வந்தது. மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் நரம்பு நரம்பாக அரிந்து போட்டிருந்தார்கள். காய்ந்த எண்ணெயை அதன்மேல் ஊற்றும்போது 'சொய்' என்று ஒரு சத்தம். சுற்றிலும் கொஞ்சம் சோயா நீர். அவ்வளவுதான். மசாலா இல்லை, காரம் இல்லை. இதற்கா இவ்வளவு பணம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இரண்டாவது வாயில்தான் மீனுக்கு என்று ஒரு ருசி இருப்பது தெரிந்தது. நாம் அதைப் புளிக்கும் மிளகாய்க்கும் அடியில் புதைத்துவிடுகிறோம் என்று மைத்துனரிடம் சொன்னேன். அவர் ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

கான்டன் சமையலின் அடிப்படை இதுதான். பொருள் புதிதாக இருக்க வேண்டும், அதன் சொந்த ருசியைச் சமையல் மறைக்கக் கூடாது. பழைய மீனை மசாலாவில் ஒப்பேற்றிவிடலாம். ஆவியில் வேகவைத்தால் உடனே காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் உயிர் மீன் தொட்டி.

ஆவியில் வேகவைப்பது அவர்களின் ஒரு கை என்றால், சீனச்சட்டி மறு கை. நம் பக்கத்தில் இருப்புச் சட்டியைச் 'சீனச்சட்டி' என்று இன்றும் சொல்கிறோம். அந்தச் சட்டியில் கடும் தீயில் புரட்டும்போது ஏறும் புகை மணத்துக்குக் கான்டன் மொழியில் 'வொக் ஹெய்' என்று பெயர். சட்டியின் மூச்சு என்று பொருள் கொள்ளலாம். காய்கறியில் உள்ள நீர் சட்டியைத் தொட்டவுடன் ஆவியாகிப் பறந்துவிட வேண்டும். அளவுக்கு மேல் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, காய் வதங்குவதற்குப் பதில் தன் நீரிலேயே வெந்து குழைந்துவிடும். ஆகவே பத்து பேருக்கு வேண்டியதை ஒரே சட்டியில் போட முடியாது. ஐந்து முறை தனித்தனியாகப் போட வேண்டும். வறுத்த சோற்றுக்கு முதல் நாள் வடித்து ஆறிய சோறு எடுப்பதும் இதற்காகத்தான். சூடான சோற்றில் ஈரம் அதிகம், ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, தேநீரோடு சாப்பிடும் சிறு பலகாரங்கள். இவற்றை 'டிம் சம்' என்கிறார்கள். மூங்கில் தட்டுகளில் ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை மாதிரியானவை. காலையிலிருந்து மதியம்வரை தேநீர் குடித்துக்கொண்டே வியாபாரம் பேசுவது அந்த ஊர் வழக்கம். நமக்குத் தேநீர் ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் நன்றி என்று அர்த்தம். ஏற்றுமதிக்குப் போகும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

காலையில் அவர்கள் அரிசிக் கஞ்சி குடிக்கிறார்கள். ஹாங்காங்கின் பெரிய ஓட்டல்களில் ஆங்கில உணவுப் பட்டியலில் அதற்குக் 'காஞ்ஜி' என்று போட்டிருப்பார்கள். நம் தமிழ்க் கஞ்சிதான் போர்த்துக்கீசியர் வாய் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அங்கே அச்சாகி நிற்கிறது. நம்மூரில் கஞ்சியைக் காய்ச்சல்காரனுக்கு என்று ஒதுக்கிவிட்டோம். அங்கே உலர்ந்த சிப்பிச் சதையும் மீன் துண்டும் போட்டுப் பீங்கான் கிண்ணத்தில் வைத்தால் அதற்குத் தனி விலை.

பழைய முறையும் புதிய கையும்

இப்படிப்பட்ட பழைமையில் புதுமை எங்கே வந்தது? ஹாங்காங்கில் 1980-களில் பணம் புரண்டபோது, பெரிய ஓட்டல் சமையல்காரர்கள் புதிதாக யோசித்தார்கள். உலர்ந்த சிப்பிச் சதை, சென்னாக்குன்னி போன்ற உலர் இறால், உப்பிட்ட பன்றித் தொடை இறைச்சி, மிளகாய், பூண்டு எல்லாவற்றையும் எண்ணெயில் சுருள வதக்கி ஒரு தொக்கு செய்தார்கள். அதற்கு 'எக்ஸ் ஓ சாஸ்' என்று பெயர் வைத்தார்கள். அந்த எழுத்துகள் விலை உயர்ந்த பிரெஞ்சு பிராந்திப் புட்டியில் இருப்பவை. சாஸில் பிராந்தி ஒரு சொட்டுக் கிடையாது. உயர்ந்த சரக்கு என்று காட்டப் பெயரை மட்டும் கடன் வாங்கினார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் வியாபாரம் செய்து பார்க்கட்டும்.

அதே காலத்தில் 'லெய் கார்டன்' என்ற உணவகக் குழுமத்தில் மாம்பழக் கூழ், பம்பளிமாஸ் சுளை, ஜவ்வரிசி மூன்றையும் பாலோடு சேர்த்து ஒரு குளிர்ந்த இனிப்பு உருவானது. இன்று கான்டன் உணவகம் இருக்கும் இடமெல்லாம் அது இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் சேலம் நினைவு வந்தது. ஜவ்வரிசி நம்மிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, மாம்பழமும் இருக்கிறது. பாயசத்துக்கு மேல் நாம் யோசிக்கவில்லை.

சிங்கப்பூரில் இதற்கு முன்பே ஒன்று நடந்தது. கான்டன் முறையில் ஒரே குருவிடம் பயின்ற நான்கு சமையல்காரர்கள், 1964-இல் சீனப் புத்தாண்டுக்காக ஒரு பச்சை மீன் கலவையைச் சீர்செய்து கொடுத்தார்கள். பல நிறக் காய்த் துருவல், மீன் சீவல், இனிப்புப் புளிப்புச் சாறு ஆகியவற்றை ஒரே தட்டில் வைத்து, மேசையைச் சுற்றி நின்று எல்லோரும் குச்சியால் உயரத் தூக்கிக் கலக்க வேண்டும். எவ்வளவு உயரம் தூக்குகிறோமோ அவ்வளவு செல்வம் என்பது நம்பிக்கை. அங்கே அலுவலகங்களில் தமிழர்களும் சேர்ந்து நின்று தூக்குகிறார்கள். வருடத்தில் சில வாரமே விற்கும் பண்டம். ஆனால் அந்தச் சில வாரத்தில் அதைப் போடாத சீன உணவகம் அங்கே இருக்காது. நம் தீபாவளி பட்சணச் சீட்டு போல.

பிறகு மிஷெலின் கதை. மிஷெலின் என்பது டயர் கம்பெனி. 1900-ஆம் ஆண்டு பிரான்சில், கார் வைத்திருப்பவர்கள் நிறைய ஊர் சுற்றினால் டயர் தேயும், டயர் விற்கும் என்று கணக்குப் போட்டு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். நல்ல சாப்பாட்டுக் கடைகளுக்கு அதில் நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தார்கள். மூன்று நட்சத்திரம் என்றால் அந்தச் சாப்பாட்டுக்காகவே ஒரு பயணம் போகலாம் என்று அர்த்தம். டயர் விற்க எழுதிய புத்தகம் சமையல்காரர்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஹாங்காங்குக்கான அவர்களுடைய 2009 பதிப்பில், ஃபோர் சீசன்ஸ் ஓட்டலில் உள்ள 'லுங் கிங் ஹீன்' என்ற கான்டன் உணவகம் மூன்று நட்சத்திரம் பெற்றது. சீன உணவகம் ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் தடவை. தலைமைச் சமையல்காரர் சான் யான் தாக், சிறு வயதிலேயே அடுக்களை வேலைக்கு வந்தவர். அவர் பெயர் வாங்கிய பண்டங்களில் ஒன்று, மேல்நாட்டுப் பப்ஸ் போன்ற மாவு அடுக்கின்மேல் முழு 'அபலோன்' சிப்பியை வைத்துச் சுட்டது. உள்ளே இருப்பது பழைய கான்டன் ருசி, தாங்குவது வெள்ளைக்காரன் மாவு. 2023 பதிப்பில் அந்த உணவகத்துக்கு ஒரு நட்சத்திரம் குறைந்தது. பதினான்கு பதிப்புகளாகக் காத்த பெயர்.

லண்டனில் 2001-இல் ஆலன் யாவ் என்பவர் 'ஹக்கசான்' என்ற உணவகம் தொடங்கினார். நீல விளக்கு, இருட்டு மண்டபம், ஷாம்பெயினும் தேனும் தடவிச் சுட்ட மீன் என்று கான்டன் சமையலுக்குப் புதுச் சட்டை போட்டவர் அவர். அதன் கிளை 2011-இல் மும்பைக்கு வந்தது. பெயரைக் கவனியுங்கள். ஹக்கா என்பது குவாங்டொங் பகுதியில் கான்டன்காரர்களுக்கு அருகிலேயே, ஆனால் வேறு பேச்சோடு வாழும் ஒரு சமூகம். அந்தச் சமூகத்துக்கும் நம் தொழிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு.

டாங்கராவும் ராணிப்பேட்டையும்

கல்கத்தாவுக்குச் சீனர் வந்தது 1778-ஐ ஒட்டி. தோங் அச்சு என்ற வணிகர் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்றுக் கரும்பு ஆலை வைத்தார். அந்த இடத்துக்கு இன்றும் அச்சிப்பூர் என்று பெயர். பின்னால் வந்தவர்கள் ஊர்வாரியாகத் தொழில் பிரித்துக்கொண்டார்கள். கான்டன்காரர்கள் தச்சு வேலை. ஹூபெய் மாகாணத்தார் பல் வைத்தியம்; சென்னையில் சீனப் பல் வைத்தியரிடம் பல் கட்டிக்கொண்ட பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹக்காக்கள் தோல். மற்றவர்கள் தொடக் கூசிய தொழிலை அவர்கள் எடுத்துக்கொண்டு, நகரின் கிழக்கே டாங்கராவில் பதனிடும் தொட்டிகளைக் கட்டினார்கள்.

1962 போரின்போது சீன வம்சாவளியினரில் சுமார் மூவாயிரம் பேரை ராஜஸ்தானத்து தியோலி முகாமில் அடைத்தார்கள். பலர் பின்னால் கனடாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்விட்டார்கள். இருந்தவர்கள் தோல் தொழிலை நடத்தினார்கள்.

1996-ஆம் ஆண்டு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆகஸ்டு 28 அன்று, வேலூர் குடிமக்கள் நலப் பேரவை போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றைக் கெடுத்ததற்காக வடாற்காட்டுத் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கழிவுநீரைச் சுத்திகரிக்காதவை மூட வேண்டும் என்று உத்தரவு. அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று அதே நீதிமன்றம் கல்கத்தா வழக்கிலும் தீர்ப்புச் சொன்னது. டாங்கராவிலும் அதைச் சுற்றியும் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள் நகரை விட்டே வெளியேற வேண்டும் என்பது அதில் முடிவு. நமக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோடு தொழில் இருந்த இடத்திலேயே நின்றது. டாங்கராவில் பல குடும்பங்கள் பண்டாலாவுக்கு இடம் மாறவில்லை. தோல் காய்ந்த முற்றத்தில் மேசை நாற்காலி போட்டு உணவகம் நடத்தினார்கள். முன்பே சில கடைகள் இருந்தன. அதற்குப் பிறகு அந்தப் பகுதி சாப்பாட்டுக்கே பெயர்பெற்றது.

அவர்கள் போட்டது ஹாங்காங் ஆவி மீன் அல்ல. வங்காளி நாக்குக்கும் பஞ்சாபி நாக்குக்கும் ஏற்ப, பச்சை மிளகாய், பூண்டு, கொத்துமல்லி சேர்ந்த சீனம். கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் என்பவர் 1975-இல் பம்பாய்க் கிரிக்கெட் கிளப்பில், இஞ்சி பூண்டு மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதில் சோயா சாஸும் கார்ன் ஃப்ளாரும் விட்டுக் 'சிக்கன் மஞ்சூரியன்' செய்தார். மஞ்சூரியாவில் அப்படி ஒரு பண்டம் கிடையாது. அதன் சைவப் பிள்ளைதான் நம் கல்யாண வீடுவரை வந்துவிட்ட கோபி மஞ்சூரியன். இதை அசல் இல்லை என்று சிலர் ஏளனம் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடத்துக்கு ஏற்ற சரக்கைச் செய்தவன் பிழைத்தான். ஆனால் அதைக் கான்டன் என்று பெயர் போட்டு விற்றால் அது தவறு.

சரக்குப் பற்றிச் சில விவரங்கள்

இனி கடைக்கு வருவோம். சோயா சாஸில் இரண்டு வகை. சோயா மொச்சையையும் கோதுமையையும் பூஞ்சை ஏற்றி, உப்பு நீரில் பல மாதம் ஊறப் போட்டு வடிப்பது ஒன்று. அமிலத்தால் சில நாட்களில் கரைத்து, நிறமும் இனிப்பும் சேர்ப்பது மற்றொன்று. தள்ளுவண்டிக்கு இரண்டாவது போதும். ஆவி மீனின்மேல் ஊற்ற முதல் வகைதான் வேண்டும். வேறு ருசி எதுவும் இல்லாத இடத்தில் மட்டமான சாஸ் பல் இளிக்கும். லைட் என்பது உப்புக்கும் ருசிக்கும், டார்க் என்பது நிறத்துக்கும். லைட் என்றால் உப்புக் குறைவு என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். உண்மையில் அதில்தான் உப்புக் கரிப்பு தூக்கலாகத் தெரியும்.

சிப்பி சாஸ் குவாங்டொங்கில் 1888-இல் லீ கும் ஷியுங் என்பவர் கடையில் பிறந்தது. அடுப்பில் மறந்துவிட்ட சிப்பிக் குழம்பு சுண்டிக் கெட்டியாகி, அதுவே ருசியாக இருந்ததாகக் கதை. 'லீ கும் கீ' என்ற அந்த நிறுவனம் இன்று உலகம் முழுவதும் விற்கிறது. இது அசைவம்; பாட்டிலில் பழுப்பு முக்கோணக் குறி இருக்கும். காளானில் செய்த சைவ வகையும் உண்டு, பச்சைக் குறியோடு. இரண்டு பாட்டிலும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் ஒரே அலமாரியில் கலந்து வைக்க வேண்டாம். சைவ வாடிக்கையாளர் வீட்டுக்கு மாற்றிப் போய்விட்டால் பிறகு அந்தத் தெருவிலேயே வியாபாரம் இல்லை. அதேபோல் சீனச் சமையல் மதுவும், மது சேர்ந்த சாஸ்களும் இருக்கின்றன. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடிக்குச் சரக்கு அனுப்புபவர்கள் பாட்டிலின் பொருட்பட்டியலைப் படித்துவிட்டு அனுப்ப வேண்டும்.

சீன எள் எண்ணெயும் நம் நல்லெண்ணெயும் ஒன்றல்ல. அவர்கள் எள்ளைச் சிவக்க வறுத்து ஆட்டுகிறார்கள். கடைசியில் மணத்துக்கு நான்கு சொட்டு விடத்தான் அது. நல்லெண்ணெயைக் கொடுத்து "எல்லாம் எள்தானே" என்று சமாளித்தால் பாட்டில் திரும்பி வரும். கார்ன் ஃப்ளார் என்று கேட்டால் மக்காச்சோளத்தின் வெள்ளை மாவுச்சத்து. மஞ்சள் மக்காச்சோள மாவைக் கொடுத்துவிடாதீர்கள். வினிகர் பெரும்பாலும் அசிட்டிக் அமிலத்தை நீர்விட்டுக் கலந்தது. அதைச் செயற்கை வினிகர் என்று பாட்டிலில் போட வேண்டும் என்பது சட்டம். போடாத பாட்டிலை விலை மலிவு என்று வாங்கினால் ஆய்வாளர் வரும்போது வழக்கு நம் பெயரில்தான்.

அஜினமோட்டோ குறித்துப் பலர் கேட்கிறார்கள். 1908-இல் ஜப்பானியப் பேராசிரியர் இக்கேதா கடற்பாசிக் குழம்பிலிருந்து கண்டுபிடித்த உப்பு அது. 1968-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்த கடிதத்திலிருந்துதான் அதன் கெட்ட பெயர் பரவியது. அளவாகச் சேர்ப்பதால் பெரியவர்களுக்குத் தீங்கு என்பது அதன்பின் வந்த ஆய்வுகளில் உறுதியாகவில்லை. பன்னிரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஆகாது என்று லேபிளில் போட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை சிவப்புச் சாயம். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறத்தைத் தடை செய்தது. அதற்கு முந்தைய மாதம் நம் அரசு ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. நிறப் பொடியைப் பொட்டலம் கட்டி விற்பதை நம்மவர்கள் அடியோடு விட வேண்டும். அதில் வரும் லாபம் அற்பம்.

தட்டு ஏன் அந்த விலை?

தம்பி தன் பட்டியலில் ஆவி மீனுக்குப் போட்டிருந்த விலையைப் பார்த்துவிட்டு, "ராணிப்பேட்டையில் யாரப்பா இதைக் கொடுப்பார்கள்?" என்று கேட்டேன். அவர் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். உயிர் மீன் இங்கே கிடைக்காது. சென்னையிலிருந்து ஐஸில் விடியற்காலையில் கொடுவா வர வேண்டும். அன்றே விற்காவிட்டால் மறுநாள் ஆவிக்கு ஆகாது, வறுவலுக்குத்தான். அந்தக் கழிவை விற்ற மீனின்மேல்தான் ஏற்ற முடியும். சட்டியில் ஒரு ஆள் ஒரு நேரத்தில் இரண்டு தட்டுதான் புரட்டுவான். டிம் சம் மடிக்கக் கை பழகிய ஆள் வேண்டும்; சம்பளம் கூட. மதியமும் இரவும் சேர்த்து ஐந்து மணி நேர வியாபாரம், வாடகை இருபத்துநான்கு மணிக்கும். நம் பருப்பு மூட்டை ஒரு மாதம் கிடந்தாலும் பருப்புதான். அவர் சரக்கு காலையில் பொன், மாலையில் குப்பை. இதைக் கேட்டபிறகு விலையில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடனில்தான் சந்தேகம் கூடியது.

அன்று அவர் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். ஊறவைத்த ஒட்டரிசியையும் கோழியையும் தாமரை இலையில் மடித்து ஆவியில் வைப்பது கான்டன் பழக்கம். இவர் அதில் நம் சீரக சம்பாவைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பிரித்ததும் மணம் ஆம்பூர் பிரியாணிக் கடை வாசல் மாதிரி இருந்தது. ஆனால் அரிசி உதிரி உதிரியாக விழுந்து இலைக்குள் நிற்கவில்லை. "மணத்துக்குச் சம்பா சரி தம்பி, பிடிப்புக்குக் கவுனி அரிசி சேர்த்துப் பார்" என்றேன். செட்டிநாட்டில் இனிப்புக்குப் போடும் கறுப்புக் கவுனி, வெந்தால் ஒட்டும். மூன்று பங்கு சம்பாவுக்கு ஒரு பங்கு கவுனி என்று கணக்கு வைத்து, கவுனியை மட்டும் முதல் நாள் இரவே ஊறவைத்து அடுத்த வாரம் கொண்டுவந்தார். இலையைப் பிரித்தால் கறுப்பும் வெள்ளையுமாகச் சேர்ந்து நின்றது. என் வீட்டில் பேரப் பிள்ளைகள் எனக்கு ஒரு கவளம்தான் மிச்சம் வைத்தார்கள்.

கடைசியில் இப்படி முடிவு செய்தோம். அரிசி, எண்ணெய், ஜவ்வரிசி, பருப்பு போன்ற நம் சரக்குக்கு 15 நாள் தவணை. சாஸ் வகைகள் ரொக்கம்; ஏனென்றால் சென்னை இறக்குமதியாளருக்கு நானும் ரொக்கம்தான் கொடுக்கிறேன். சாஸ் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டிக்கு மேல் வாங்குவதில்லை. காலாவதிக்கு எட்டு மாதம் குறையாமல் இருக்க வேண்டும். முதல் பெட்டியின் தேதியை அவரே டார்ச் அடித்துப் படித்துவிட்டுத்தான் இறக்கினார். 45 நாள் கேட்டவர் முகம் கொஞ்சம் வாடியது என்னவோ உண்மை.

கடை திறந்து இப்போது ஏழு மாதம். தாமரை இலைச் சோறும் மாம்பழ ஜவ்வரிசியும் நன்றாகப் போகின்றன. ஆவி மீன் ஞாயிற்றுக்கிழமையும் வெளியூர்த் தோல் வியாபாரிகள் வரும் நாளிலும் மட்டும். முதலில் தினமும் போட்டு மூன்று வாரம் நஷ்டப்பட்டபின் அவரே குறைத்துக்கொண்டார். மஞ்சூரியன் போட மாட்டேன் என்று நின்றவர், இரண்டாம் மாதமே கோபி மஞ்சூரியனைப் பட்டியலில் சேர்த்தார். சாயம் இல்லாமல் செய்கிறார். இதுவரை என் பற்றில் இரண்டு தவணை மட்டும் நான்கு நாள், ஆறு நாள் என்று தள்ளிப் போனது. சென்ற வாரம் கவுனி அரிசி இன்னொரு மூட்டை கேட்டிருக்கிறார். காரைக்குடிக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன்.